அணுக்கடிகாரத்தை அளக்கப் போய் அறையை அளந்த கதை

கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. அதனால் அணுக்கடிகாரத்தின் துல்லியத்தை அளக்க வீட்டிலேயே ஒரு கருவி கட்டிய இந்தக் கதையில் வேறு எது தெளிவாக இல்லாவிட்டாலும் செலவுக் கணக்கு மட்டும் பைசா சுத்தமாக இருக்கிறது. பதினான்கு மாதங்களில் வீணாகப் போனது 36,150 ரூபாய். உருப்படியாகச் செலவானது தனி. வீணானதில் ஒரு பகுதி, முதல் வாரமே செய்திருக்க வேண்டிய அரைமணி நேரச் சோதனை ஒன்றைச் செய்யாததால் வந்தது. திருநெல்வேலியில் இதைப் பற்றிக் கேட்க எனக்கு ஆள் இல்லை. பொழுதுபோக்காக வானொலி நிலையம் வைத்துப் பேசும் ஹாம் வானொலி நண்பர்கள் நிறையப் பேர் உண்டு, ஆனால் ஆண்டெனா பற்றி விடிய விடியப் பேசுகிறவர்கள்கூட அதிர்வெண்ணில் பத்தாவது இலக்கத்துக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று கேட்டால் "எதற்கு உனக்கு இந்த வேலை?" என்று சிரிப்பார்கள். நியாயமான கேள்விதான்.

எல்லாம் கியூஓ-100 செயற்கைக்கோளில் தொடங்கியது. 2018 நவம்பரில் ஏவப்பட்ட கத்தார் நாட்டு எஸ்ஹெயில்-2 செயற்கைக்கோளில் அமெச்சூர் வானொலிக்காரர்களுக்கென்று வைத்த, சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் அது. கிழக்குத் தீர்க்கரேகை 26 பாகையில் அசையாமல் நிற்கிறது. எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் மேற்கே, தொடுவானத்திலிருந்து முப்பது பாகை உயரத்தில். பழைய டிடிஎச் தட்டு ஒன்றைத் திருப்பி வைத்தால் போதும், ஐரோப்பா, ஆப்பிரிக்கா, பிரேசில் வரை பேசுவது காதில் விழும். பிரச்சினை தட்டின் மூக்கில் இருந்து சிக்னலை வாங்கி அதிர்வெண்ணைக் குறைத்துக் கொடுக்கும் எல்என்பியில். அதற்குள் இருக்கும் 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை 390 மடங்காக்கி 9,750 மெகாஹெர்ட்ஸ் உருவாக்குகிறார்கள். கிரிஸ்டலில் ஒரு ஹெர்ட்ஸ் பிசகினால் செவியில் 390 ஹெர்ட்ஸ் பிசகும். எங்கள் ஊர் பத்து மணி வெயில் அதன் மேல் விழுந்ததும் நிலையம் நாற்பது கிலோஹெர்ட்ஸ் நகர்ந்துபோய்விடும். பேசிக்கொண்டிருப்பவர் பாதி வாக்கியத்தில் வாத்துபோலக் கத்தத் தொடங்குவார். ஒரு கையில் காபி, இன்னொரு கை டியூனிங் குமிழில் என்று எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் போயின!

இதற்கு எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் 10 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர் (சீரான மின்னலையை உண்டாக்கும் சுற்று) பெட்டி ஒன்றை 9,500 ரூபாய்க்கு வாங்கி, அதிலிருந்து 25 மெகாஹெர்ட்ஸ் எடுத்து எல்என்பிக்குக் கொடுத்தேன். நிலையங்கள் ஆணி அடித்ததுபோல நின்றன. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் கணக்கு எழுதுகிறவனுக்கு ஒரு நோய் உண்டு, எந்தத் தொகையையும் இன்னொரு வழியில் கூட்டிப் பார்க்காமல் தூக்கம் வராது. இந்தப் பெட்டி சரியாகத்தான் இருக்கிறது என்பதற்கு என்ன சாட்சி?

என்னிடம் இருந்த, அதிர்வெண்ணை எண்ணும் எட்டு இலக்கக் கவுண்டரில் ஒரு விநாடி எண்ணினால் 10,000,000 என்று காட்டும், கடைசி இலக்கம் ஒன்று கூடலாம், குறையலாம். அதாவது கோடியில் ஒரு பங்கு. நல்ல ஆசிலேட்டர்களின் வித்தியாசம் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் நடக்கிறது. அதை வெறுமனே எண்ணிப் பிடிக்க வேண்டுமானால் ஒரு அளவுக்குப் பத்தாயிரம் விநாடி, ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம், எண்ண வேண்டும். அதற்குள் நிலைமை மாறிப்போயிருக்கும்.

தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு தந்திகளும் ஏறக்குறைய ஒன்று சேரும்போது நாதத்தில் மெல்ல ஓர் அலை எழுந்து அடங்கும். சேரச் சேர அலை நீளும். தந்தி விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்று யாரும் எண்ணுவதில்லை, அலையைத்தான் கேட்கிறார்கள். இங்கேயும் அதே வித்தைதான். 10 மெகாஹெர்ட்ஸை, அதற்கு 10 ஹெர்ட்ஸ் குறைவான இன்னொரு ஆசிலேட்டரோடு மிக்ஸரில் கலந்தால் 10 ஹெர்ட்ஸ் அலை ஒன்று வெளியே வரும். 10 மெகாஹெர்ட்ஸில் ஒரு சுற்று என்பது 100 நானோ விநாடி. 10 ஹெர்ட்ஸில் அதே ஒரு சுற்று 100 மில்லி விநாடி. நேர வித்தியாசம் பத்து லட்சம் மடங்கு பெரிதாகிவிடுகிறது. சாதாரண மைக்ரோகண்ட்ரோலர் 100 நானோ விநாடித் துல்லியத்தில் நேரம் குறித்தால்கூட, உள்ளே அது 0.1 பிகோ விநாடிக்குச் சமம். ஒரு பிகோ விநாடியில் ஒளி போவது 0.3 மில்லிமீட்டர். இப்படி ஒப்பிட வேண்டிய இரண்டுக்கும் ஆளுக்கொரு மிக்ஸர் வைத்து, 10 ஹெர்ட்ஸ் குறைவான அதே ஒன்றை இரண்டுக்கும் இடை ஆசிலேட்டராகக் கொடுத்தால் அந்த இடை ஆசிலேட்டரின் தடுமாற்றம் இரு பக்கமும் சமமாக வந்து பெரும்பாலும் கழிந்துபோகும். அமெரிக்கத் தர நிர்ணய ஆய்வகத்தில் டேவிட் ஆலனும் அவரோடு பணியாற்றியவர்களும் 1970களில் வகுத்த முறை இது. விலையுயர்ந்த கருவி ஒன்றும் தேவையில்லை என்பதுதான் என்னைக் கவர்ந்தது. அந்த மயக்கத்தில்தான் விழுந்தேன்.

ஒப்பிட இரண்டாவது ஒன்று வேண்டுமே? ரூபிடியம் அணுக்கடிகாரங்கள், அதாவது பழைய கைப்பேசிக் கோபுரங்களிலிருந்து கழற்றிய சிறு பெட்டிகள், இணையத்தில் கிடைக்கின்றன. வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் 17,400 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். அந்த மனிதர் பொதியின் மேல் 'அணுக்கடிகாரம்' என்று பெரிதாக எழுதி அனுப்பியிருந்தார். சுங்கத்தில் அது 23 நாள் உட்கார்ந்திருந்தது. 'அணு' என்ற சொல்லைப் பார்த்தால் யார்தான் கேள்வி கேட்க மாட்டார்கள்? இது குண்டு அல்ல, கண்ணாடிக் குமிழுக்குள் கடுகளவு ரூபிடியம் வைத்த ஆசிலேட்டர் என்று மூன்று கடிதம் எழுதினேன். வரியும் கையாளும் கட்டணமுமாக 7,900. வீட்டுக்கு வந்ததும் பூஜை போடாத குறையாக மேசையில் வைத்து மின்சாரம் கொடுத்தேன். சூடானது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், ஒரு மணி நேரம். அணுவின் அதிர்வோடு பூட்டிக்கொண்டேன் என்று சொல்லும் சமிக்ஞை வரவே இல்லை. உள்ளே இருக்கும் ரூபிடிய விளக்கு தேய்ந்துபோய்விட்டிருந்தது. விற்பனையாளர் "இங்கே வேலை செய்தது" என்று ஒரு வரி பதில் போட்டார், அதன்பின் மௌனம். 25,300 ரூபாய்க்கு ஒரு கனமான காகிதம் அழுத்தி.

இதை வாங்கப் போகிறவர்கள் என்னைப்போல் படத்தைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். குளிர்ந்த நிலையிலிருந்து பெட்டியை இயக்கி, பூட்டும் வரை நிறுத்தாமல் எடுத்த வீடியோவைக் கேளுங்கள். பல மாதிரிகளில் விளக்கின் நிலையைச் சொல்லும் அளவுமுனை ஒன்று இருக்கும், அதில் எத்தனை வோல்ட் என்று மீட்டரோடு படம் கேளுங்கள். எத்தனை நிமிடத்தில் பூட்டுகிறது என்பதும் முக்கியம், நல்ல நிலையில் இருப்பது சில நிமிடங்களில் பூட்டிவிடும். தொடக்கத்தில் அது இழுக்கும் மின்னோட்டம் பிறகு இழுப்பதைவிடப் பல மடங்கு, அதைத் தாங்கும் பவர் சப்ளை இல்லாமல் சோதித்துவிட்டுப் பெட்டியைக் குறை சொல்லவும் கூடாது. எல்லாவற்றையும்விட நல்ல வழி, இந்தியாவுக்குள்ளேயே இன்னொரு ஹாமிடம் இருக்கிறதா என்று விசாரிப்பது. நான் இரண்டாவதை அப்படித்தான் 21,000 ரூபாய்க்கு வாங்கினேன். அவர் வீட்டுக்கே போய், அது பூட்டுவதைக் கண்ணால் பார்த்து, மடியில் வைத்து ரயிலில் கொண்டுவந்தேன். நான்கு நிமிடத்தில் பூட்டும், இன்றுவரை குறையில்லை.

கருவியைக் கட்டுவதில் செய்த பிழைகளை எழுதினால் தனி நூலாகும். ஒன்றைமட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நியாயமாகச் சிந்திக்கிற எவரும் இதே பள்ளத்தில் விழுவார்கள். மிக்ஸரிலிருந்து வரும் 10 ஹெர்ட்ஸ் அலை பூஜ்ஜியத்தைக் கடக்கும் கணத்தைப் பிடிக்க வேண்டும். நேரத்தைத் துல்லியமாகப் பிடிக்க வேகமான கம்பேரேட்டர் (மின்னழுத்தம் ஒரு மட்டத்தைத் தாண்டியதும் நிலை மாறும் சில்லு) நல்லது என்று நினைத்து, சில நானோ விநாடியில் திரும்பும் ஒன்றைத் தேடிப் போட்டேன். வந்தது குப்பை. அலை சோம்பேறி, அடியிலிருந்து உச்சிவரை ஒரு வோல்ட் உயரமுள்ள 10 ஹெர்ட்ஸ் அலை பூஜ்ஜியத்தைக் கடக்கும் வேகம் விநாடிக்கு 31 வோல்ட்தான். கம்பேரேட்டரோ துடிப்பான பிள்ளை, நூற்றுக்கணக்கான மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள எல்லா இரைச்சலையும் கேட்கும். ஒரே ஒரு கடப்புக்கு அது நாற்பது முறை மேலும் கீழும் ஆடியது. ஒலியலைவரிசைப் பெருக்கிகளை வரிசையாக வைத்து, முதல் நிலையில் குறைந்த பெருக்கமும் குறுகிய பட்டையும், போகப்போக இரண்டையும் கூட்டிக்கொண்டே போவதுதான் வழி. ஆலிவர் காலின்ஸ் என்பவர் 1996இல் இதற்குக் கணக்கே போட்டு வைத்திருக்கிறார். நான் அதைப் படித்தது மூன்றாவது பலகை குப்பைக்குப் போன பிறகு. மூன்று பலகைகளுக்கு 4,800 ரூபாய். நான்காவது பலகையில் பத்து மைக்ரோவோல்ட் இரைச்சலோடு 0.3 மைக்ரோ விநாடி ஆட்டம் வந்தது. பத்து லட்சத்தால் வகுத்தால் 0.3 பிகோ விநாடி. அன்றிரவு தூங்கவில்லை.

இடை ஆசிலேட்டருக்கும் ஒரு வார்த்தை. கிரிஸ்டலை ஒரே வெப்பத்தில் வைத்திருக்கும் நல்ல சூளை ஆசிலேட்டர் ஒன்றை வாங்கி 10 ஹெர்ட்ஸ் கீழே இழுத்துக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள். அவை பெரும்பாலும் அவ்வளவு தூரம் வராது, வராமல் இருப்பதுதான் அவற்றின் பெருமை. சாதாரண 10 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலும், மின்னழுத்தத்தால் அதன் அதிர்வெண்ணை நகர்த்த ஒரு வராக்டர் டயோடும் போதும்.

இனி என்னை அலைக்கழித்த அலை. ரூபிடியத்தை ஒரு பக்கமும் ஜிபிஎஸ் பெட்டியை மறுபக்கமும் கொடுத்து இரவு முழுக்க ஓட்டிவிட்டுக் காலையில் வரைபடத்தைப் பார்த்தேன். நேர்கோடு வர வேண்டிய இடத்தில் அழகான அலை, மூன்று நானோ விநாடி உயரம், சுமார் 17 நிமிடத்துக்கு ஒன்று. கடற்கரையில் உட்கார்ந்து பார்ப்பதுபோல் ஒழுங்காக வந்துகொண்டே இருந்தது. ரூபிடியம்தான் கோளாறு என்று முடிவு செய்தேன், முதலாவது ஏமாற்றிய ஆத்திரம் இரண்டாவதின் மேல். அதைச் சரிபார்க்கப் பழைய சூளை ஆசிலேட்டர்கள் இரண்டை 5,200 ரூபாய்க்கு வாங்கினேன். அவை இன்று பயன்படுகின்றன என்றாலும் அன்று வாங்கிய காரணம் தப்பு, ஆகவே வீண் பக்கத்தில்தான் எழுதியிருக்கிறேன். சூளை ஆசிலேட்டர்கள் சும்மா இருந்தவை, நிலைகொள்ளச் சில வாரம் ஆகும், இடையில் மின்சாரம் போனால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். யுபிஎஸ் போட்டு ஒரு மாதம் காத்திருந்தேன். ரூபிடியத்தின் இடத்தில் சூளை ஆசிலேட்டர் வந்தும் அதே அலை.

இப்போது என் புத்திசாலித்தனத்தைப் பாருங்கள். இரண்டு சோதனையிலும் அலை வருகிறது, இரண்டிலும் பொதுவாக இருப்பது ஜிபிஎஸ் பெட்டி, ஆகவே குற்றவாளி ஜிபிஎஸ். ஆண்டெனாவை மாடியில் பத்தடி குழாயில் ஏற்றினேன், புது கேபிள் இழுத்தேன், 600 ரூபாய். அலையின் நீளம் நண்பகலில் 13 நிமிடமாகவும் இரவில் 22 நிமிடமாகவும் மாறுவதை நோட்டில் குறித்து வைத்து, செயற்கைக்கோள்கள் உதிப்பதும் மறைவதும்தான் காரணம் என்று இரண்டு மாதம் அட்டவணை போட்டேன். இரண்டு சோதனையிலும் பொதுவாக இருந்த இன்னொரு பொருள் மேசையில் என் முன்னாலேயே இருந்தது, நான் கட்டிய கருவி. பெற்ற பிள்ளையைச் சந்தேகப்பட மனம் வரவில்லை போலிருக்கிறது.

வெப்பநிலையை நினைக்காமல் இல்லை. நினைத்ததால்தான் அறையை ஒரே சீராக வைக்க ஏசியை இரவும் பகலும் 26இல் ஓடவிட்டேன். (அந்த மின்கட்டணத்தை 36,150இல் சேர்க்கவில்லை. இதைப் படிக்கிறவர்கள் எங்கள் வீட்டிலும் இருக்கிறார்கள்.) போதாதென்று மீன் சந்தையில் 250 ரூபாய்க்கு ஒரு சிறிய தெர்மாகோல் பெட்டி வாங்கி ரூபிடியத்தையும் அதன் ரெகுலேட்டரையும் உள்ளே வைத்து மூடியை டேப் போட்டு ஒட்டினேன். இரண்டும் சேர்ந்து 15 வாட் வெப்பம் தருகிறவை. மூன்று மணி நேரத்தில் பூட்டுச் சமிக்ஞை அணைந்தது. திறந்தால் அடித்தட்டில் கை வைக்க முடியவில்லை, அறை முழுக்க வெந்த நெத்திலி வாடை. தெர்மாகோல் வெளி வெப்பத்தைத் தடுக்கிறதே தவிர உள் வெப்பத்துக்கு வழிவிடாது என்பது ஐஸ் வண்டிக்காரருக்குத் தெரியும், எனக்குத் தெரியவில்லை. ரூபிடியத்துக்கு வேண்டியது கனமான அலுமினியத் தட்டு, வெப்பம் ஒரே சீராகப் போவதற்கு ஒரு வழி. போர்வை அல்ல.

முடிச்சை அவிழ்த்தது மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு. காலை 9 மணியிலிருந்து மின்சாரம் இருக்காது என்று முந்தைய நாளே தெரியும். ஓடிக்கொண்டிருந்த பதிவை நிறுத்த மனமில்லாமல் கருவி, ரூபிடியம், ஜிபிஎஸ் பெட்டி எல்லாவற்றையும் பேட்டரியில் மாட்டினேன். மடிக்கணினியும் தன் பேட்டரியில். 9.05க்கு மின்விசிறி நின்றது, ஏசி நின்றது. வியர்வையோடு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறிக்கொண்டிருந்த அலை இறங்க வேண்டிய நேரம் வந்தது, இறங்கவில்லை. பத்து நிமிடம், இருபது, நாற்பது. அலை இல்லவே இல்லை, அறை சூடாகச் சூடாக ஒரே திசையில் மெல்ல வளைந்து ஏறும் கோடு. மாலை ஐந்து மணிக்கு மின்சாரம் வந்தது. ஏசியின் கம்ப்ரெசர் 'டக்' என்று பிடித்தது. கோடு திரும்பியது. கம்ப்ரெசர் நின்றது. கோடு மறுபடி திரும்பியது. வெயில் நேரத்தில் கம்ப்ரெசர் அடிக்கடி ஓடும், இரவில் தள்ளித் தள்ளி ஓடும். 13 நிமிடம், 22 நிமிடம். இரண்டு மாதமாக நான் வானத்தில் தேடிய அட்டவணை சுவரில் மாட்டியிருந்தது.

அப்போதும் கடிகாரங்கள் குளிருக்கு ஆடுகின்றனவா, கருவி ஆடுகிறதா என்று தெரியாது. அதற்குத்தான் அந்த அரைமணி நேரச் சோதனை. ரூபிடியத்தின் ஒரே சிக்னலை ஸ்ப்ளிட்டரில் இரண்டாகப் பிரித்து, ஒரே நீளமுள்ள இரண்டு கேபிள்களில் கருவியின் இரு வாயிலிலும் கொடுத்தேன். தன்னைத் தன்னோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பூஜ்ஜியமாகத்தானே இருக்க வேண்டும்? அதே அலை. அதே மூன்று நானோ விநாடி. கடிகாரங்கள் எல்லாம் நிரபராதிகள். ஐந்து மாதமாக நான் அளந்துகொண்டிருந்தது என் அறையின் குளிரை.

எந்த உறுப்பு என்று கண்டுபிடிக்க ஒரு ஜூஸ் ஸ்ட்ரா போதுமாக இருந்தது. மூடியைத் திறந்து ஏசியை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு உறுப்பின் மேலும் ஸ்ட்ரா வழியாக மெல்ல ஊதிக்கொண்டே திரையைப் பார்த்தேன். மிக்ஸர், அசைவில்லை. பெருக்கி, அசைவில்லை. இரண்டாவது வாயிலின் தாங்கிப் பெருக்கியில், டொராய்டு சுருளுக்குப் பக்கத்தில் இருந்த பழுப்பு நிற டிஸ்க் கெப்பாசிட்டர் மேல் ஊதியதும் கோடு திரையை விட்டே போய்விட்டது. பார்த்ததும் நினைவு வந்துவிட்டது. முதல் வாயிலுக்கு வெப்பத்தில் மதிப்பு மாறாத என்பி0 வகைக் கெப்பாசிட்டர் போட்டேன். இரண்டாவதற்கு வரும்போது அது தீர்ந்திருந்தது, ராத்திரி பதினொன்றரை மணி, மறுநாள் சங்கத்தில் தணிக்கை. டப்பாவில் கிடந்த, எந்தக் குறியும் இல்லாத ஒன்றைப் போட்டுவிட்டு, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். 10 மெகாஹெர்ட்ஸுக்கு டியூன் செய்த சுற்றில் கெப்பாசிட்டரின் மதிப்பு இம்மி மாறினாலும் வெளிவரும் அலையின் ஃபேஸ், அதாவது அலை எழும் கணம், நகரும். அந்த மட்டமான கெப்பாசிட்டர் ஒரு பாகை வெப்பத்துக்கு ஒன்றரை நானோ விநாடி நகர்த்தியிருக்கிறது. விலை இரண்டு ரூபாய் இருக்கலாம்.

இன்று யாராவது என்னிடம் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், கருவியைக் கட்டி முடித்த அன்றே ஒரே சிக்னலை இரு வாயிலிலும் கொடுத்து ஒரு பகல் ஒரு இரவு ஓட்டுங்கள் என்பேன். அந்தக் கோடு எவ்வளவு ஆடுகிறதோ அதற்குக் கீழே உங்கள் கருவி எதையும் பார்க்காது, அதுவரை எந்தக் கடிகாரத்துக்கும் பணம் கொடுக்காதீர்கள். அந்த வரைபடத்தை அச்சிட்டுச் சுவரில் ஒட்டி வையுங்கள், பக்கத்தில் ஐம்பது ரூபாய் வெப்பநிலை உணரி ஒன்றின் அளவையும் சேர்த்துப் பதியுங்கள். நான் அதைப் பதிந்திருந்தால் முதல் நாளே இரண்டு கோடுகளும் ஜோடியாக ஆடுவது தெரிந்திருக்கும். 10 மெகாஹெர்ட்ஸ் போகும் பாதையில் டியூன் செய்த சுற்றே வேண்டாம், அகலப் பட்டைப் பெருக்கி வையுங்கள், தவிர்க்கவே முடியாவிட்டால் என்பி0 மட்டும். இரு பக்கமும் ஒரே கட்டிலிருந்து எடுத்த உறுப்புகளாக இருக்கட்டும், இரண்டையும் ஒரே உலோகப் பெட்டியில் அருகருகே வையுங்கள், சேர்ந்து சுட்டால் சேர்ந்தே நகரும், கழிந்துபோகும். அளவெடுக்கும்போது கேபிளைத் தொடாதீர்கள், மடக்கினாலே கோடு துள்ளும். மடிக்கணினிச் சார்ஜர் வழியாக வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் அந்த மின்தடை நாளில்தான் எனக்குத் தெரிந்தது. யுஎஸ்பிக்கு நடுவே, சிக்னலை ஒளி வழியாகக் கடத்தும் ஆப்டோகப்ளர் போட்டதும் அடங்கியது.

கடிகாரம் இரண்டு போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டு இருந்தால் வித்தியாசம் தெரியும், எது பிசகு என்று தெரியாது. மூன்று இருந்தால் ஜோடி ஜோடியாக ஒப்பிட்டுப் பிரித்துவிடலாம். மூன்றாவதாக அந்தச் சூளை ஆசிலேட்டர்களில் ஒன்று போதும், நூறு விநாடிக்குள் அது ரூபிடியத்தையே வெட்கப்பட வைக்கும் அமைதி கொண்டது.

கெப்பாசிட்டரை மாற்றிய பிறகு சுயசோதனைக் கோடு தரையில் கிடத்திய நூல்போல் இருக்கிறது. ஆகஸ்ட்டிலிருந்து ரூபிடியத்தையும் ஜிபிஎஸ் ரிசீவரின் விநாடித் துடிப்பையும் ஒப்பிட்டுப் பதிந்து வருகிறேன். அதில் புதிதாக ஒன்று தெரிந்தது. நாள்தோறும் பிற்பகலில் எழுந்து இரவில் அடங்கும் ஒரு மேடு, இருபது நானோ விநாடி அளவுக்கு. பழைய பழக்கத்தில் ஏசியை நிறுத்திப் பார்த்தேன், மேடு போகவில்லை. சுயசோதனை போட்டேன், கோடு அசையவில்லை. இது வானத்திலிருந்து வருகிறது. எங்கள் ஊர் பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டியிருக்கிறது. 1963இல் முதல் ராக்கெட் பறந்த கேரளத்துத் தும்பாவைத் தளமாகத் தேர்ந்ததற்கும், பக்கத்துக் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் ஆய்வுக்கூடம் வைத்திருப்பதற்கும் அதுதான் காரணம். வெயிலில், மின்னூட்டம் பெற்ற மேல்வளி அடுக்கான அயனி மண்டலம் தடிக்கும்போது ஜிபிஎஸ் சிக்னல் தாமதமாக வருகிறது, ஒற்றை அதிர்வெண் ரிசீவர் அதில் பாதியைத்தான் மாதிரிக் கணக்கால் திருத்திக்கொள்கிறது. மார்ச் மாதத்தில் ஒருநாள் இருட்டிய பிறகு, ஏழே முக்கால் மணி இருக்கும், ரிசீவரின் திரையில் செயற்கைக்கோள்கள் மினுக்கி மினுக்கி ஒவ்வொன்றாக விட்டுப்போவதைப் பார்த்தேன். மாடிக்கு ஓடிப்போய் அண்ணாந்து பார்த்தால் மேகமே இல்லாத வானம், நட்சத்திரங்கள் தெளிவாக இருந்தன.

இரட்டை அதிர்வெண் ரிசீவர் இருந்தால் அந்தத் தாமதத்தை நேரடியாகவே அளந்து கழித்துவிடலாம். நான் விசாரித்தபோது விலை இருபதாயிரத்தை ஒட்டி இருந்தது. மின்கட்டணக் கணக்கு வந்த வாரத்தில் அந்தப் பேச்சை வீட்டில் எடுப்பதில்லை என்று வைத்திருக்கிறேன்.